திணைகளைக் கடக்கும் ஆறு: சிற்றாற்றங்கரைச் சிற்றிலக்கியங்கள் இரண்டும் ஆற்றுச் சூழலியலும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் சூழலியல் திறனாய்வு திணையைச் சூழல்தொகுதி என்னும் அறிவியல் கருத்தாக்கத்தோடு சமன்படுத்திப் படிப்பதை வழக்கமாகக் கொண்டுள்ளது. இச்சமன்பாடு ஆற்றைப் பற்றிய இலக்கியங்களைப் படிக்கும்போது போதாததாகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். திணை நிலத்தைப் பகுக்கிறது; ஆறு பகுக்கப்பட்ட நிலங்களை இணைக்கிறது. பொருநையின் துணையாறாகிய சிற்றாற்றின் தலைப்பகுதியில் எழுந்த குற்றாலக் குறவஞ்சியும், அது பொருநையோடு கலக்குமிடத்தில் எழுந்த முக்கூடற்பள்ளும் இங்கு ஒரே நீரோட்டத்தின் இருமுனைகளாக வைத்துப் படிக்கப்படுகின்றன. ஆற்றுச் சூழலியலின் அடிப்படைக் கருத்துகள் இப்பனுவல்களில் எவற்றைக் காணத் துணைசெய்கின்றன, எவ்விடத்தில் அவை போதாமல் சமூக வரலாறு தேவைப்படுகிறது என்பவையும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பொருநை, சிற்றாறு, திணை, கருப்பொருள், முக்கூடற்பள்ளு, குற்றாலக் குறவஞ்சி, வெள்ளத் துடிப்பு, அணைக்கட்டு, மருதம்

முன்னுரை

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேரும் தாமிரபரணி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் நீளமுடையது. தோன்றுமிடமும் கடல் சேருமிடமும் தமிழக எல்லைக்குள்ளேயே அமைந்திருப்பதும், தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டாலும் நீர் பெறுவதும் இதன் தனித்தன்மைகள். பொருநை என்னும் பெயரால் இலக்கியத்தில் இது போற்றப்படுகிறது. கம்பராமாயணம் பொதியிலையும் பொருநையையும் சேர்த்துச் சுட்டுகிறது. சங்கப் பாடல்களில் வஞ்சியோடு சேர்த்துப் பேசப்படும் பொருநை சேரநாட்டு ஆன்பொருநை என்பதையும், அதனை நெல்லைப் பொருநையோடு மயக்கிக் கொள்ளலாகாது என்பதையும் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

2021இல் சிவகளை அகழாய்வு முடிவுகள் வெளியானபின் ‘பொருநை நாகரிகம்’ என்னும் தொடர் பொதுவெளியிலும் ஆய்வுவெளியிலும் பரவலாகியுள்ளது. அதனையொட்டிப் பொருநையும் இலக்கியமும் குறித்த கருத்தரங்குகளும் கட்டுரைகளும் பெருகியுள்ளன. ஆயின் இவற்றுள் பலவற்றில் ஆறு ஒரு பெயராகவோ தாயாகவோ தொன்மைக்குச் சான்றாகவோ மட்டுமே இடம்பெறுகிறது. அது எவ்வாறு இயங்குகிறது, அவ்வியக்கத்தை இலக்கியம் எந்த அளவிற்கு உள்வாங்கியுள்ளது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவ்விடைவெளிக்குக் காரணம் ஆய்வாளரின் கவனக்குறைவு அன்று. நாம் கைக்கொள்ளும் திறனாய்வுக் கருவியிலேயே காரணம் உள்ளது.

1. ஆறு என்னும் இயக்கம்

ஆற்றுச் சூழலியல் ஆற்றை நீர் செல்லும் வழியாக மட்டும் கருதுவதில்லை. 1989இல் வார்டு முன்வைத்த விளக்கம் ஆற்றை நான்கு பரிமாணங்களில் காண்கிறது. மலையிலிருந்து கடல்வரை செல்லும் நெடுக்குத் தொடர்பு முதலாவது. ஆற்றுக்கும் அதன் கரையோர வெள்ளச் சமவெளிக்கும் இடையிலான பக்கவாட்டுத் தொடர்பு இரண்டாவது. ஆற்றுப் படுகைக்கும் அதன் அடியிலுள்ள மணல், சரளை, நிலத்தடி நீர் ஆகியவற்றுக்கும் இடையிலான மேல்கீழ்த் தொடர்பு மூன்றாவது. இம்மூன்றும் பருவந்தோறும் மாறுபடுவதால் காலம் நான்காவது பரிமாணமாகிறது.

நெடுக்குத் தொடர்பை விளக்கும் கருத்தாக்கத்தை 1980இல் வேனட் முதலியோர் வெளியிட்டனர். ஆற்றுத் தொடர்ச்சிக் கருத்தாக்கம் என அதனைக் கூறலாம். மலையுச்சி ஓடைகளின்மீது மரங்கள் கவிந்திருப்பதால் நீருக்குள் வெயில் குறைவாகவே இறங்கும். ஆகவே அங்கு உணவின் பெரும்பகுதி உதிரும் இலைகளிலிருந்து கிடைக்கிறது. அவ்விலைகளைப் பூஞ்சைகள் பதப்படுத்த, சிறு பூச்சியினங்கள் கடித்துத் துகளாக்குகின்றன. ஆறு அகன்று வெயில் படும் நடுப்பகுதியில் கற்களின்மேல் படரும் பாசியை மேயும் உயிரினங்கள் மிகுகின்றன. தாழ்நிலப் பகுதியில் மேலிருந்து வரும் நுண்துகள்களை வடித்தும் திரட்டியும் உண்ணும் உயிரினங்கள் மிகுதி. மேற்பகுதியின் மிச்சம் கீழ்ப்பகுதியின் உணவாகிறது. இக்கருத்தாக்கம் இலையுதிர் காடுகளைக் கொண்ட வட அமெரிக்க ஓடைகளை அடிப்படையாகக் கொண்டது. ஆண்டு முழுவதும் இலை உதிர்க்கும் பொதிகையின் பசுமைமாறாக் காடுகளுக்கு அதனை அப்படியே பொருத்த இயலாது. எனினும், மேலே நிகழ்வது கீழே உள்ளதைத் தீர்மானிக்கிறது என்னும் அதன் மையக்கருத்து இங்கும் பயன்படத்தக்கதே.

பக்கவாட்டுத் தொடர்பை விளக்குவது 1989இல் ஜங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் ஆகியோர் வகுத்த வெள்ளத் துடிப்புக் கருத்தாக்கம். பருவ வெள்ளம் கரைகடந்து பரவும்போது மீன்கள் தாழ்நிலங்களை அடைகின்றன. புதுநீர் பரந்த ஆழமற்ற இடங்களில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் அங்கு வளர்ந்து, நீர் வடியும்போது ஆற்றுக்குத் திரும்புகின்றன. இவ்விளக்கத்தின்படி வெள்ளம் ஆற்றின் இயல்பிலிருந்து பிறழ்ந்த நிகழ்ச்சி ஆகாது. ஆற்றின் உயிர்வளத்தைப் புதுப்பிக்கும் சுழற்சியின் ஒரு கட்டமாகும்.

பொருநையின் உயிர்வளத்திற்கு ஒரு சான்று போதும். 1954இல் சைலஸ் என்னும் மீனியல் அறிஞர் இவ்வாற்றுப் படுகையிலிருந்து கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மீனை விவரித்து, ஆற்றின் பெயரையே அதன் அறிவியல் பெயரில் இட்டார். ‘தாம்பிரபர்ணியை’ என இன்றும் அப்பெயர் வழங்குகிறது. பொருநையின் பெயரைத் தாங்கிய நூல்களை அறிந்த தமிழாய்வுலகம், அப்பெயரைத் தாங்கிய மீனை அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

2. திணையும் சூழல்தொகுதியும்

சூழல்தொகுதி என்னும் கலைச்சொல்லை 1935இல் டான்ஸ்லி அறிமுகப்படுத்தினார். உயிருள்ளவையும் உயிரற்றவையும் தம்முள் கொள்ளும் ஊடாட்டத்தை ஓர் அலகாகக் காண்பது அதன் நோக்கம். தமிழில் முதல், கரு, உரி என்னும் பகுப்பு நிலம், பொழுது, உயிரினம், மாந்தர் ஒழுக்கம் ஆகியவற்றை ஒருங்கே வைப்பதால் இரண்டையும் ஒப்பிடும் ஆர்வம் எழுவது இயல்பே. நிர்மல் செல்வமணி போன்றோர் திணையை மாந்தர், இயற்கை, தெய்வம் ஆகியவை ஒருங்கிணைந்த உறைவிடமாகக் கண்டு கோட்பாட்டு நிலையில் விரிவாக விவாதித்துள்ளனர். அவ்விவாதத்தின் நுட்பம் இங்கு மறுக்கப்படவில்லை. ஆயின் அதன் வழிவந்த பல ஆய்வுக் கட்டுரைகளில் அது எளிய சூத்திரமாகச் சுருங்கிவிட்டது. குறிஞ்சி என்றால் மலைச் சூழல்தொகுதி, மருதம் என்றால் வயல் சூழல்தொகுதி எனப் பெயர்களை இணைத்து, கருப்பொருள்களைப் பட்டியலிட்டு, தமிழர் அன்றே சூழலியல் அறிந்திருந்தனர் என முடிப்பது வாய்பாடாகிவிட்டது.

இவ்வாய்பாட்டை ஆற்றைக்கொண்டு சோதிக்கலாம். தொல்காப்பியம் கருப்பொருள்களாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகிய எட்டைப் பெயர்சுட்டி, ஏனையவற்றைப் ‘பிற’ என அடக்குகிறது. நீரும் மீனும் இவ்வெட்டனுள் பெயர் பெறவில்லை. பின்னர்த் தோன்றிய நம்பியகப்பொருள் கருப்பொருளைப் பதினான்காக விரித்து நீரையும் சேர்க்கிறது. அதன்படி குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், முல்லைக்குக் கான்யாறும் குறுஞ்சுனையும், மருதத்திற்கு ஆறும் மனைக்கிணறும் பொய்கையும், நெய்தலுக்கு மணற்கிணறும் உரியன.

இப்பகுப்பை நிலவரைபடத்தின்மேல் வைத்துக் காணும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. பொதிகையின் அருவியும், முண்டந்துறைக் காட்டின் கான்யாறும், அம்பாசமுத்திரத்து ஆறும், வெள்ளம் வடிந்தபின் எஞ்சும் பொய்கையும் ஒரே நீரோட்டத்தின் வேறுவேறு கட்டங்கள். இலக்கணம் அவற்றை வேறுவேறு நிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. கவிதைக்கு இப்பகிர்வு பயனுடையது. ஒவ்வொரு நீர்நிலைக்கும் ஓர் உணர்வுச்சூழலை அது உறுதிசெய்கிறது. சூழலியலுக்கோ இப்பகிர்வினால் ஆறே மறைந்துபோகிறது.

தொல்காப்பியம் திணை மயங்குதலை ஏற்கிறது. நிலம் மயங்குதலை ஏற்பதில்லை. ஒரு நிலத்துப் பூவும் பறவையும் வேறு நிலத்தில் வந்தால், வந்த நிலத்திற்கே உரியவையாகக் கொள்ளப்படும் என்றும் கூறுகிறது. மேலும், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் கருத்து, நிலம் காலத்தால் மாறும் என்பதை உணர்த்துகிறது. ஆகவே திணைக்கோட்பாடு அசைவற்றது எனக் கூறிவிட முடியாது. ஆயின் அவ்வசைவு ஒரு நிலத்தின் உள்ளேயே நிகழ்கிறது. அல்லது ஒரு கருப்பொருள் இடம்பெயர்வதாக அமைகிறது. ஒரு நிலத்தின் மண்ணையும் இலையையும் மற்றொரு நிலத்தின் உணவாக்கும் இயக்கத்திற்கு அக்கோட்பாட்டில் இடமில்லை. நிலங்கள் ஒருங்கே மயங்காமை இலக்கணத்தின் விதி. அவற்றை மயக்குவது ஆற்றின் தொழில்.

ஐங்குறுநூற்றின் மருதப்பாடலொன்றில் பொய்கையில் வாழும் நீர்நாய் வாளைமீனைக் காலையுணவாகப் பெறுகிறது. இதனை உணவுச்சங்கிலிக்குச் சான்றாகக் காட்டும் கட்டுரைகள் உண்டு. உண்பதும் உண்ணப்படுவதும் அங்குள்ளமையால் அது தவறன்று. ஆயின் வாளை பொய்கைக்கு எவ்வழியாக வந்தது என்னும் வினாவே ஆற்றுச் சூழலியலின் வினா. அவ்வினாவிற்கு விடைதர ஒரு திணைக்குள் நின்றால் போதாது. அதற்கு விடைதரும் பனுவல்கள் பிற்காலச் சிற்றிலக்கியங்களில் உள்ளன.

3. சிற்றாற்றின் தலை: குற்றாலக் குறவஞ்சி

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சி 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மதுரை முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் இதற்குப் பரிசாக வழங்கிய நிலம் ‘குறவஞ்சி மேடு’ எனப் பெயர் பெற்றது. குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு தென்காசி வழியாகக் கிழக்கே ஓடிச் சீவலப்பேரியில் பொருநையை அடைகிறது. எனவே இந்நூல் பொருநைப் படுகையின் தலைப்பகுதி ஓடையொன்றின் இலக்கியம் எனக் கொள்ளத்தகும்.

குறத்தி மலைவளம் கூறும் பகுதியில் ஆண்குரங்கு பெண்குரங்கிற்குக் கனி கொடுப்பதும், அருவியின் அலை வானளவு எழும்ப அதில் கதிரவனின் தேர்க்குதிரைகளும் தேர்க்காலும் வழுக்குவதும் பாடப்படுகின்றன. உயர்வுநவிற்சிக்கு மேற்கோளாகவே இப்பகுதி பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. சூழலியல் நோக்கில் இங்குக் கவனிக்க வேண்டியது, காட்டின் மேற்கவிகையும் அருவியும் ஒரே காட்சிச்சட்டத்தில் அமைந்திருப்பதாகும். கனியும் மரமும் குரங்கும் நீருக்கு மேலே உள்ளன. அவற்றிலிருந்து சிந்துவன நீரில் விழுகின்றன. விழுந்தபின் நீருக்குள் நிகழ்வது பாடலின் எல்லைக்குள் இல்லை. கற்களுக்கடியில் இலையைக் கடிக்கும் சிறு பூச்சியைக் குறவஞ்சியில் தேடுவது வீண். அருவியின் ஓசையும் ஒளியும் கடவுளின் மலைக்குப் புகழாதலே அவ்வருணனையின் நோக்கம். பனுவலில் இல்லாததை அறிவியலின் பெயரால் அதன்மேல் ஏற்றுவது, திணைக்குச் சூழல்தொகுதி எனப் பெயரிடும் அதே வாய்பாட்டை வேறு சொற்களில் மீண்டும் செய்வதாகும்.

நூலின் பிற்பகுதியோ வேறொரு தொடர்பைக் காட்டுகிறது. பறவைகள் குற்றாலத்து வயல்களில் இறங்கி மேய்கின்றன. சிங்கன் அவற்றுக்குக் கண்ணி வைக்கிறான். மலையில் தொடங்கிய நூல் மலையடிவார வயலுக்கு வந்துசேர்கிறது. குறிஞ்சி மாந்தன் மருத நிலத்துப் பறவையைப் பிடிப்பது திணை மயக்கம் எனக் குறிப்பிட்டுக் கடந்துசெல்வது எளிது. அவ்வயலையும் மலையையும் இணைப்பது எது எனக் கேட்டால், மலையிலிருந்து இறங்கும் நீரும் அதனைத் தேக்கும் குளங்களுமே என்பது விளங்கும். பறவை அந்நீரைத் தொடர்ந்து வருகிறது. சிங்கன் பறவையைத் தொடர்ந்து வருகிறான்.

4. சிற்றாற்றின் முடிவு: முக்கூடற்பள்ளு

பொருநையும் சிற்றாறும் கோதண்டராம ஆறும் கூடுமிடம் முக்கூடல். இன்றைய சீவலப்பேரி அதுவே. அங்குள்ள அழகரைப் போற்றும் முக்கூடற்பள்ளின் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. மு. அருணாசலம் முதலியோரின் பதிப்புகளும் புலியூர்க் கேசிகன் முதலியோரின் உரைகளும் இதனைப் பரவலாக்கின.

மழைக்குறி பாடும் பகுதி தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் வழியே பலரும் அறிந்தது. அதில் மறுநாள் ஆற்றில் வெள்ளம் வரும் என்பதற்கான குறிகள் அடுக்கப்படுகின்றன. மலையாளத் திசையிலும் ஈழத் திசையிலும் மின்னல் சூழ்கிறது. காற்று இரண்டு நாளாகச் சுழன்றடிக்கிறது. கேணியில் சொறித்தவளை கூவுகிறது. சேற்றுநண்டு தன் வளையின் வாயை அடைக்கிறது. வானம்பாடிகள் மழையை எதிர்நோக்கி ஆடுகின்றன.

இங்கு முதற்குறியாகிய மின்னலின் இரு திசைகள் கருதத்தக்கவை. மேற்கே மலையாள நாடு தென்மேற்குப் பருவமழையின் திசை. கிழக்கும் தென்கிழக்குமாகிய ஈழம் கடல்வழி வரும் வடகிழக்குப் பருவமழையின் திசை. இரு பருவமழையும் பெறும் ஆற்றின் கரையில் நின்று பாடுபவருக்கே இவ்விரு திசைகளும் ஒருங்கே பொருளுடையன. திருநெல்வேலி வட்டாரத்தின் கார், பிசானம் என்னும் இருபோக வேளாண்மையும் இவ்விரு மழைகளையே சார்ந்தது. தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்து ஆற்றின்வழி காருக்கு நீர் தருகிறது. வடகிழக்குப் பருவமழை பிசானத்திற்குத் துணையாகிறது. எனவே இப்பகுதியை எல்லா ஊர்களுக்கும் பொதுவான மழைவருணனையாகக் கொள்வது பொருந்தாது. ஒரு குறிப்பிட்ட ஆற்றின் நீர்வரத்து முறையை அறிந்தோரின் கூற்றாகவே கொள்ளவேண்டும்.

இரண்டாவதாக, குறிகளின் தன்மையை நோக்கலாம். மின்னலும் காற்றும் வானத்தின் குறிகள். தவளையும் நண்டும் பறவையும் உயிரினங்களின் எதிர்வினைகள். மழையோடு தவளை இனப்பெருக்கத்திற்காகக் கூவுகிறது. நண்டு நீர்ப்பெருக்கிலிருந்து காத்துக்கொள்ள வளையை அடைக்கிறது. ஒவ்வோர் உயிரும் வெள்ளம் வருவதற்கு முன்பே அதற்கேற்பத் தன் செயலை மாற்றிக்கொள்கிறது. ஆற்றின் நான்காம் பரிமாணமாகிய காலம் இங்கு உயிர்களின் நடத்தை வழியாகப் பதிவாகியுள்ளது. ஒரே குறியை நம்பாமல் வானிலும் சேற்றிலும் கேணியிலும் தோன்றும் குறிகளை ஒப்புநோக்கி முடிவுக்கு வரும் முறை நெடுங்காலக் கூர்நோக்கின் விளைவாகும்.

குறிகளைத் தொடர்ந்து வெள்ளம் வருகிறது. அது மலையில் தோன்றி இடைநிலங்களைக் கடந்து வயலை அடைவதாகப் பாடுவது பள்ளு மரபு. நிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து அவற்றின் பொருள்களை அடித்துக்கொண்டுவரும் வெள்ளத்தில், தொல்காப்பியம் ஏற்காத நிலமயக்கம் நிகழ்கிறது. பள்ளுப் புலவர் இலக்கணத்தை மறுக்க முனைந்தவரல்லர். திணைப்பெயர்களை வைத்துக்கொண்டே அவற்றினூடே ஆற்றை ஓடவிடுகிறார். ஆற்றின் நெடுக்குத் தொடர்பைத் தமிழ்க்கவிதை தன் சொந்தக் கலைச்சொற்களாலேயே பேசிய இடம் இது.

வெள்ளத்தோடு மீன்களும், அவற்றின்பின் வயலும் ஏரும் மாடும் விதையும் வரிசையாக வருகின்றன. இப்பெயர்ப் பட்டியல்கள் இதுவரை இருவகையாகப் படிக்கப்பட்டுள்ளன. யாப்பின் விளையாட்டு என ஒதுக்குவது ஒருவகை. வட்டார வழக்குச்சொற்களின் களஞ்சியம் எனத் தொகுப்பது மற்றொரு வகை. இரண்டுமே பெயர்களை அவை நிற்கும் வரிசையிலிருந்து பிரித்துவிடுகின்றன. வரிசையை நோக்கினால் குறி, வெள்ளம், மீன், வயல், விதை என ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகும் தொடர் தெரிகிறது. வெள்ளம் வந்தமையால் மீன் வந்தது. வண்டலும் நீரும் பரந்தமையால் விதைப்பு நிகழ்ந்தது. வெள்ளத் துடிப்புக் கருத்தாக்கம் கூறும் பக்கவாட்டுத் தொடர்பின் அடிப்படை இத்தொடரில் உள்ளது. மீனும் நெல்லும் ஒரே வெள்ளத்தின் இரு விளைவுகள் என்பதைப் பனுவலின் அமைப்பே கூறுகிறது. இம்மீன்பெயர்களுள் ஆற்றுக்குரியவை, குளத்துக்குரியவை, கழிமுகத்துக்குரியவை எவை என மீனியல் அறிஞரோடு இணைந்து வகைப்படுத்துவது தமிழாய்வு மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.

5. அறிவும் அடிமையும்

இவ்விடத்தில் சூழலியல் திறனாய்வு வழக்கமாகச் செய்யும் ஒரு தாவலைத் தவிர்க்கவேண்டும். மழைக்குறியறிவைக் கண்டதும் ‘இயற்கையோடு இயைந்த தமிழர் வாழ்வு’ என முடிவுகட்டுவதே அத்தாவல். முக்கூடற்பள்ளில் வெள்ளத்தின் குறிகளைக் கண்டு ஆடிப்பாடுபவர்கள் பண்ணையில் உழைக்கும் பள்ளர்கள். இன்று தேவேந்திரகுல வேளாளர் என அழைக்கப்பெறும் உழவர் சமூகத்தினர். அதே நூலில் பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டித் தண்டிக்கிறான். மூத்தபள்ளி வேண்டிக்கொண்டபின்னரே அவன் விடுவிக்கப்படுகிறான். ஆற்றை அறிந்தவனுக்கு நிலமும் இல்லை, தன் உடல்மீது உரிமையும் இல்லை.

‘தமிழர்’ என்னும் பொதுச்சொல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. நண்டு வளை அடைப்பதைக் காண்பவர் சேற்றில் நிற்பவரே. வரப்பில் நிற்பவர் அல்லர். எனவே பள்ளில் காணப்படும் ஆற்றறிவை உழைப்பின் வழி வந்த அறிவாகவே கொள்ளவேண்டும். அவ்வறிவை இனப்பெருமையாக்கி, அதனை உடையோர் பட்ட தண்டனையை நகைச்சுவையெனக் கடக்கும் திறனாய்வு பனுவலில் பாதியையே படிக்கிறது. ஆற்றுச் சூழலியலின் கருவிகளால் இதனைக் காண இயலாது. இங்குச் சமூக வரலாறு இன்றியமையாததாகிறது.

6. மருதமும் கட்டுண்ட ஆறும்

பொருநையின் மருதம் இயற்கையாக அமைந்த நிலம் அன்று. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் ஆற்றின் குறுக்கே உள்ளன. இவற்றுள் இறுதியானது 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. ஏனையவை அதற்கும் முற்பட்டவை. இவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்கள் ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் அளிக்கின்றன. கால்வாயிலிருந்து குளத்திற்கும், குளத்தின் மறுகாலிலிருந்து அடுத்த குளத்திற்கும் நீர் செல்கிறது. முக்கூடல் சுத்தமல்லிக்குக் கீழும் மருதூருக்கு மேலும் அமைந்தது. ‘நதியுண்ணி’ என்னும் பெயரின் நேர்ப்பொருளே இவ்வமைப்பின் தன்மையைக் கூறிவிடுகிறது.

மருதத்தைச் சூழல்தொகுதி எனப் போற்றும்போது, இக்கட்டுமானம் முழுவதையும் இயற்கை என்னும் சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். பள்ளும் குறவஞ்சியும் பாடிய ஆறு ஏற்கெனவே மாந்தர் கைபட்ட ஆறு. எனினும் தாழ்வான அக்கட்டுகள் பெருவெள்ளத்தை மறிக்கவில்லை. வெள்ளம் அவற்றின்மேல் வழிந்து குளத்திலும் வயலிலும் பரவியது. ஆற்றின் இயல்பான வெள்ளச் சமவெளி செய்த பணியின் ஒரு பகுதியைக் குளங்களும் நெல்வயல்களும் செய்தன. இன்றும் நெல்லை, தூத்துக்குடி மாவட்டக் குளங்களில் நீர்ப்பறவைகள் கூடுவதற்கு இதுவே அடிப்படை.

20ஆம் நூற்றாண்டு வேறுவகை மாற்றத்தைக் கொணர்ந்தது. 143 அடி உயரமுள்ள பாபநாசம் அணை, 156 அடி சேர்வலாறு அணை, 118 அடி மணிமுத்தாறு அணை ஆகியன மலையடிவாரத்திலேயே நீரைத் தேக்கின. அணை ஆற்றின் தொடர்ச்சியை எவ்வாறு துண்டிக்கிறது என்பதை 1983இல் வார்டும் ஸ்டான்ஃபோர்டும் விளக்கினர். தேக்கத்திலிருந்து வெளிவரும் நீரின் வெப்பநிலை, வண்டல், உணவுத்துகள், வரும் காலம் ஆகிய அனைத்தும் மாறிவிடுகின்றன. வெள்ளம் வருவதை இன்று அறிவிப்பவை அணையின் நீர்மட்ட அளவும் நீர்திறப்பு அறிவிப்புமே. நண்டின் குறியை அறிந்தோர் இருப்பினும், அக்குறிக்கும் வெள்ளத்திற்கும் இருந்த உறவு தளர்ந்துவிட்டது. முக்கூடற்பள்ளின் மழைக்குறியை வகுப்பில் கற்பிக்கும்போது இவ்வேறுபாடும் கற்பிக்கப்படவேண்டும்.

இவற்றைப் பேசுவது இலக்கிய ஆய்வின் எல்லையைக் கடப்பதாகாது. ‘ஆற்றுநீர் வீணாகக் கடலில் கலக்கிறது’ என்னும் தொடர் இன்று அனைவர் நாவிலும் வழங்குகிறது. வயலுக்குப் பாயும் நீரே பயனுள்ள நீர் என்னும் இக்கருத்து, மருதத்தை மட்டும் ஆற்றுக்குரிய நிலமாகக் கண்ட மரபோடு ஒத்துப்போகிறது. கொற்கை இதற்கு மறுமொழி தருகிறது. ஒருகாலத்துக் கடற்றுறை இன்று கடலிலிருந்து விலகி உள்நாட்டில் உள்ளது. பொருநை கொணர்ந்த வண்டல் கரையைக் கடலுக்குள் தள்ளியமையே காரணம் எனக் கால்டுவெல் விளக்கினார். புன்னைக்காயல் கழிமுகத்து அலையாத்திக் காடும் நன்னீரும் உவர்நீரும் கலப்பதால் வாழ்வதே. கடலைச் சேரும் நீர் நெய்தலை ஆக்குகிறது. படுகை மணலும் அவ்வாறே ஆற்றின் உறுப்பு. 2010இல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்குத் தடை விதித்தது நீரை மட்டுமே ஆறாகக் கருதும் பார்வைக்குப் புறம்பான ஒரு முக்கிய நிகழ்வு.

2009இல் தொடங்கப்பட்ட தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்புத் திட்டம் கன்னடியன் கால்வாயிலிருந்து வெள்ளநீரைச் சாத்தான்குளம், திசையன்விளைப் பகுதிகளுக்குக் கொண்டுசெல்லும் நோக்கமுடையது. அப்பகுதிகளின் வறட்சி உண்மையானது. அவற்றின் தேவையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும் ‘உபரி’ என்னும் சொல்லைக் கேட்கும்போது யாருக்கு உபரி என்னும் வினா எழவேண்டும். மீனுக்கும் கழிமுகத்திற்கும் வெள்ளநீர் உபரி அன்று.

வெள்ளத்தை வாழ்த்தும் பள்ளின் குரலையும் அப்படியே இன்றைக்குப் பொருத்தலாகாது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணிநேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாகி, பொருநைக் கரையூர்கள் வெள்ளத்தில் மூழ்கின. அவ்வெள்ளத்தில் உடைமை இழந்தோரிடம் வெள்ளம் ஆற்றின் துடிப்பு எனக் கூறுவது பொறுப்பற்ற செயலாகும். பள்ளின் மகிழ்ச்சிக்குப் பின்னே வெள்ளம் பரவ இடமிருந்தது. குளமும் மறுகாலும் தாழ்நிலமும் அவ்விடம். அவ்விடத்தில் இன்று என்ன உள்ளது என்பதே கேட்கவேண்டிய வினா.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. திணையைச் சூழல்தொகுதியோடு சமன்படுத்தும் படிப்பு, நிலத்துக்குள் உள்ளவற்றைப் பட்டியலிட உதவுகிறது. நிலங்களுக்கு இடையே நிகழ்வதைக் காணத் தடையாகிறது. நம்பியகப்பொருள் அருவி, கான்யாறு, ஆறு, பொய்கை எனப் பகிர்ந்தளித்த நீரை முக்கூடற்பள்ளின் வெள்ளப்பகுதி மீண்டும் ஒன்றாக்குகிறது. குற்றாலக் குறவஞ்சியையும் முக்கூடற்பள்ளையும் சிற்றாற்றின் இருமுனைப் பனுவல்களாகச் சேர்த்துப் படிக்கும்போது, திணை அடிப்படையில் தனித்தனியே படிப்பதில் புலப்படாத நீர்த்தொடர்பு புலப்படுகிறது. பள்ளின் பட்டியல்களை அவற்றின் வரிசையோடு படிக்கவேண்டும். அவ்வறிவுக்கு உரியோர் யார் என்பதையும் உடன் கூறவேண்டும்.

தமிழில் ஆற்றிலக்கிய ஆய்விற்குத் திணைக்கு மாற்றாக ஆற்றுப்படுகையையே அலகாகக் கொள்ளலாம். வைகை, காவிரி, பாலாறு ஆகியவற்றின் கரைகளில் எழுந்த தலபுராணங்களையும் பள்ளுகளையும் உலாக்களையும் மலையிலிருந்து கழிமுகம்வரை ஆற்றின் போக்கில் வரிசைப்படுத்திப் படித்தால், எந்த இடத்து ஆறு பாடப்பட்டது, எந்த இடத்து ஆறு பாடப்படாமல் விடப்பட்டது என்பது தெளிவாகும். பொருநையைப் பொறுத்தவரை ஸ்ரீவைகுண்டத்திற்குக் கீழுள்ள கழிமுகப் பகுதியின் மீனவர், உப்பளத் தொழிலாளர் வழக்காறுகள் இவ்வரிசையின் அடுத்த இடத்தில் நிற்கின்றன.